வன்னி வளவுகளுக்குக் கம்பிக்கூடைத் தாங்குசுவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பி வலையால் செய்த கூடைகளில் கல் நிரப்பிக் கட்டும் தாங்குசுவரைப் பற்றி வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் வீட்டு வளவு வைத்திருப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. நான்கு அடிக்கு உட்பட்ட சுவர்களை மனத்திற்கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன.

கம்பிக்கூடைத் தாங்குசுவர் என்பது என்ன?

ஒப்பந்தகாரர்கள் கேபியன் என்று சொல்வது இதைத்தான். தடித்த கம்பி வலையைப் பெட்டி வடிவில் மடித்துக் கட்டி, அதற்குள் கையளவு கற்களை நெருக்கமாக அடுக்கி, மூடியையும் கம்பியால் தைத்துவிட்டால் ஒரு கூடை முடிந்தது. அத்தகைய கூடைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒன்றோடொன்று பிணைக்கும்போது சுவர் உருவாகிறது. சாந்தும் சீமெந்தும் இல்லாமல், தன் சொந்தப் பாரத்தாலேயே அது மண்ணைத் தடுத்து நிற்கிறது. முற்காலத்தில் ஐரோப்பியப் படைகள் பிரம்பாலும் மிலாறாலும் பின்னிய கூடைகளில் மண் நிரப்பிக் காப்பரண் அமைத்தன. கம்பி வலையில் கல் நிரப்பும் முறை 1890களில் இத்தாலியின் ரேனோ ஆற்றில் நடந்த அணைத் திருத்த வேலையோடு பரவலாயிற்று. நம் நாட்டில் மலைநாட்டு வீதியோர மண்வெட்டுகளிலும் ஆற்றங்கரைகளிலும் இதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

வன்னி தட்டையான நிலமாயிற்றே, இங்கே தாங்குசுவர் எதற்கு?

நியாயமான கேள்வி. உண்மையில் தாங்குசுவர் வேண்டும் என்று நினைப்பவர்களில் பலருக்கு அது தேவைப்படுவதில்லை. நிலம் மெல்லச் சரிந்திருந்தால், இரண்டு அடி கிடைக்கு ஓர் அடி இறக்கம் என்ற அளவில் சரிவைச் சீராக்கி, புல் பதித்து, குறுக்காக வெட்டிவேர் வரிசை நட்டுவிட்டால் மண் நின்றுவிடும். அதற்குச் செலவும் குறைவு.

சுவர் உண்மையாகவே தேவைப்படும் இடங்கள் மூன்று. வெள்ளத்துக்குப் பயந்து கிறவல் கொட்டி உயர்த்திய வீட்டு நிலத்தின் ஓரம் முதலாவது. ஒவ்வொரு மாரியிலும் அந்த ஓரம் கரைந்து ஒழுங்கையில் போய்ச் சேர்வதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாய்க்காலோ ஓடையோ வளவைத் தொட்டுச் செல்லும் கரை இரண்டாவது. குளத்துப் பக்கமாக இறங்கும் வளவில் கிணற்றடியையோ மாட்டுக் கொட்டிலையோ சமநிலமாக்க வெட்டிய இடம் மூன்றாவது. சரிவை நீட்டி எடுப்பதற்கு இடம் இல்லாதபோது மட்டும் சுவரைப் பற்றி யோசிப்பது நல்லது.

சீமெந்துக் கல்லுக்கட்டு உறுதியானதல்லவா? அதை விட்டு ஏன் இதைக் கட்ட வேண்டும்?

சுவரைத் தள்ளுவது மண் என்றே நாம் எண்ணுகிறோம். கணக்குப் பார்த்தால், மண்ணைக் காட்டிலும் அதற்குள் தேங்கும் தண்ணீரே கூடுதலாகத் தள்ளுகிறது.

ஒரு மீற்றர் உயரமான சுவருக்குப் பின்னால், நன்றாக வடியும் மணற்பாங்கான மண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் அந்த மண் கொடுக்கும் தள்ளுகை ஏறக்குறைய 300 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். அதே உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றால், தண்ணீர் மட்டும் 500 கிலோகிராம் அளவுக்குத் தள்ளும். நீருக்குள் மண்ணின் நிகர எடை குறைவதால் மண்ணின் பங்கு ஏறக்குறையப் பாதியானாலும், இரண்டும் சேர்ந்து 650 கிலோகிராமைத் தாண்டிவிடும். அதாவது, வைகாசியில் ஆடாமல் நின்ற சுவர், கார்த்திகையில் இரு மடங்குக்கும் மேலான சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ப்பதால், இந்தச் சோதனை சுவருக்கு வருடந்தோறும் தவறாமல் வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே என் வளவில் படித்துக்கொண்டேன். கிறவல் நிரப்பிய ஓரத்துக்கு மூன்றடி உயரத்தில் சீமெந்துக் கல்லுக்கட்டு ஒன்றைக் கட்டுவித்தேன். நீர் வடியும் துளைகள் விடவா என்று மேசன் கேட்டபோது, சுவரின் முகம் அழுக்காகிவிடும் என்று நான்தான் மறுத்தேன். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய அந்த மழையில், என் சுவர் நடுவில் வெடித்து ஒழுங்கைப் பக்கமாகச் சாய்ந்தது. கல்லிலும் சாந்திலும் ஒரு குறையும் இருக்கவில்லை.

கல்லுக்கட்டிலும் ஐந்து அடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய் வைத்து, அதன் பின்னால் சல்லி நிரப்பினால் தண்ணீர் வடியும். ஆனால் குழாய் அடைபடலாம், வைக்க மறந்தும் போகலாம். கம்பிக்கூடைச் சுவரிலோ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். சுவர் முழுவதுமே வடிகால்தான். நிலம் சற்றுத் தாழ்ந்தால் சீமெந்துச் சுவர் வெடிக்கும். கூடையோ வளைந்து கொடுத்துத் தொடர்ந்து நிற்கும்.

அப்படியானால் கல்லுக்கட்டு எந்த இடத்திலும் பொருந்தாதா?

பொருந்தும். கம்பிக்கூடை அகலமாக இடம் பிடிக்கும். ஒடுங்கிய வளவில் மூன்று அடி அகலத்தைச் சுவருக்குக் கொடுப்பது பலருக்குக் கட்டுபடியாகாது. கல்லுக்கட்டுக்குக் கம்பி துருப்பிடிக்கும் கவலையும் இல்லை.

எவ்வளவு உயரம் வரை நாமே கட்டலாம்? அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்?

மூன்று அடி வரை, மேலே பாரமில்லாத தோட்ட நிலமாக இருந்தால், கவனமுள்ள மேசனும் இரண்டு உதவியாளரும் கட்டிவிடலாம். நான்கு அடிக்கு மேல் போனால், அல்லது சுவரின் தலைப்பக்கத்தில் வீடு, தண்ணீர்த் தாங்கி, உழவு இயந்திரம் நிற்கும் இடம் ஆகியவற்றில் ஏதாவது வருமானால், குடிசார் பொறியியலாளர் ஒருவரிடம் வரைபடம் பெறாமல் தொடங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் உயரத்தின் கணக்கு ஏமாற்றுவது. உயரம் இரு மடங்கானால் தள்ளுகை நான்கு மடங்காகிறது, சுவரைக் கவிழ்க்கும் விசையின் தாக்கம் எட்டு மடங்காகிறது.

அடி அகலம், உயரத்தின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருப்பது பொதுவான கைக்கணக்கு. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் கூடை 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் கொண்டது. ஒற்றை அடுக்குச் சுவருக்கு அந்த அகலம் தாராளம். சுவரை மண்ணின் பக்கமாகப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சாய்த்து வைப்பது நிலைப்பைக் கூட்டும். மூன்றடி உயரத்துக்கு அது நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. படங்களில் அழகாகத் தெரியும் ஓர் அடி அகலக் கூடைகள் வேலிக்கும் இருக்கைக்கும் உரியவை. மண்ணைத் தாங்க அவற்றை நம்ப வேண்டாம்.

எந்தக் கல்லைப் பயன்படுத்தலாம்?

உங்கள் வளவு வன்னியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வவுனியாவையும் அதற்குத் தெற்கையும் சேர்ந்த நிலம் பழைமையான உருமாறிய பாறைகளின் மேல் இருப்பதால் அங்கே உடைத்த கருங்கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். கிளிநொச்சியின் வடபகுதி, முல்லைத்தீவுக் கரையோரம், மன்னார்க் கரை ஆகியவற்றின் அடியில் இருப்பது சுண்ணக்கல். கருங்கல்லே முதல் தெரிவு. சுண்ணக்கல் இறுக்கமானதாக இருந்தால் தோட்டச் சுவருக்குப் போதும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்வது, தண்ணீரில் ஊறவைத்தால் கரைந்து கலங்குவது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். கிறவல் உருண்டை எவ்வளவு கடினமாகத் தோன்றினாலும் கூடைக்குள் போடக் கூடாது. இரண்டு மாரியில் அது மண்ணாகிவிடும்.

கரையோரத்தில் உள்ளவர்கள் முருகைக்கல்லைப் பற்றிக் கேட்பதுண்டு. அது பாரமற்றது, துளைகள் நிறைந்தது, உப்பையும் கூடவே கொண்டுவருவது. கம்பிக்குப் பகை, கடற்கரைக்கும் கேடு, சட்டமும் இடம் கொடாது.

அளவைப் பொறுத்தவரை, வலையின் கண் 8 இலிருந்து 10 சென்ரிமீற்றர் வரை இருப்பதால், நான்கு முதல் எட்டு அங்குலம் வரையான கற்களே வேண்டும். நான்கு அங்குலத்துக்குச் சிறியவை கண்ணால் வெளியே வரும். மிகப் பெரியவை இடையில் பெரும் வெற்றிடத்தை விட்டுச் சுவரின் பாரத்தைக் குறைக்கும். சல்லி ஆலைக்குச் சொல்லும்போது 'கூடைக்குக் கை அடுக்குக் கல்' என்று விளக்கிச் சொல்லுங்கள். அத்திவாரத்துக்கான கல் என்று மட்டும் சொன்னால் ஒருவரால் தூக்க முடியாத கல்லும் வந்து இறங்கும்.

குளக்கட்டின் உட்புறத்தில் அலை அரிக்காமல் பதித்திருக்கும் கற்களை எடுத்துவருவது சில ஊர்களில் வழக்கமாக இருந்திருக்கிறது. இரணைமடுவாக இருந்தாலும் பத்து ஏக்கருக்கு நீர் கொடுக்கும் சிறு குளமாக இருந்தாலும், அந்தக் கல்லில்தான் கட்டின் உயிர் இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

இடிந்த வீட்டின் கொங்கிறீற்றுத் துண்டுகளை நிரப்பலாமா?

வன்னியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பலருடைய வளவின் மூலையில் பழைய வீட்டின் எச்சம் இன்னமும் குவிந்து கிடக்கிறது. நல்ல கொங்கிறீற்றுத் துண்டுகளை, நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பிகளை வெட்டிவிட்டு, கூடையின் நடுப்பகுதியில் இடலாம். முகப்பில் கல்லை அடுக்கிக்கொள்ளுங்கள். செங்கல்லும் பூச்சுச் சாந்தும் வேண்டாம். நனைந்து நனைந்து அவை உடைந்து நொறுங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பழைய வீட்டு வாசற்படியை மட்டும் உடைக்காமல் முகப்பில் வைத்துக் கட்டியிருக்கிறார். பொறியியல் விதிப்படி அது தவறான அளவுக் கல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலிக்கு அடிக்கும் வலையால் கூடை செய்யலாமா?

கூடாது. வேலி வலையில் ஒரு கம்பி அறுந்தால் அந்த வரிசை முழுவதும் கழன்றுவிடும். கூடைக்கென்று செய்யப்படும் அறுகோண வலையில் கம்பிகள் இரட்டை முறுக்காகப் பின்னப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் அறுந்தாலும் கிழிசல் பரவாது. வலைக் கம்பி 2.7 மில்லிமீற்றர், ஓரக் கம்பி 3.4 மில்லிமீற்றர், தைக்கும் கம்பி 2.2 மில்லிமீற்றர் என்பது வழக்கமான தடிப்பு. கோழிக்கூட்டு வலையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

கம்பிக்கு நாகமுலாம் பூசியிருக்க வேண்டும். (பாடசாலையில் இரசாயனம் படித்தபோது சந்தித்த நாகம், அதாவது துத்தநாகம், இது; மற்ற நாகத்தைப் பற்றிப் பின்னர் வருகிறது.) முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரங்களிலும் உவர் நிலங்களிலும் நாகமுலாம் மட்டும் போதாது, அதன் மேல் பி.வி.சி. உறை போட்ட கம்பியை வாங்குங்கள். உரத்தையும் உப்புச் சாக்கையும் சுவரின் மேல் அடுக்கிவைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

அத்திவாரம் வெட்ட வேண்டுமா?

கொங்கிறீற்று அத்திவாரம் தேவையில்லை. மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றி, ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, அடியில் ஆறு அங்குலம் கிறவலை நனைத்து இடித்து இறுக்கி, மட்டம் பார்த்துக் கூடையை வைத்தால் போதும். கூடைக்குள் ஆகாத கிறவல், இறுக்கிய படுக்கையாக மண்ணுக்கடியில் இருக்கும்போது நல்ல பொருள்தான். ஓடைக்கரையில் மட்டும் இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். நீர் அடியை அரித்துவிட்டால் மேலே எவ்வளவு கல் இருந்தும் பயனில்லை.

முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண்ணில் இருப்பவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அந்த மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மாரியில் ஊதும். அடியிலும் பின்புறத்திலும் களியை அகற்றிவிட்டுக் கிறவலும் மணலும் இட்டு நிரப்பாவிட்டால், சுவர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முன்னே நகரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வன்னியில் இதுவரை வெட்டப்படாத நிலத்தில் அலவாங்கை இறக்குவதற்கு முன்னர், அந்த இடம் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். துருப்பிடித்த உலோகப் பொருள் எது தென்பட்டாலும் தொடாமலும் நகர்த்தாமலும் வேலையை நிறுத்தி, ஆட்களை வந்த வழியே விலக்கி, 119 இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

கூடையை நிரப்புவதில் கவனிக்க வேண்டியது என்ன?

டிப்பரிலிருந்து நேராகக் கொட்டுவதுதான் பெரிய பிழை. கொட்டிய கல்லில் வெற்றிடம் கூடும், முகப்பு வயிறு தள்ளும், கம்பியின் உறையும் உரிந்துவிடும். வெற்றுக் கூடைகளை முதலில் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று தைத்து, முகப்பில் பலகையோ இரும்புக் குழாயோ கட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஓர் அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, முன் வலையையும் பின் வலையையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்டி, அடுத்த அடியைத் தொடங்க வேண்டும். இந்தக் குறுக்குக் கம்பி வெளியே தெரியாதது. ஆகையால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். பக்கத்துக் கூடைகளுக்கு இடையில் ஓர் அடிக்கு மேல் உயர வேறுபாடு வரவிடாதீர்கள்.

முகப்பில் வரும் கல்லைத் தட்டையான பக்கம் வெளியே தெரியும்படி கையால் வைக்க வேண்டும். உள்ளே கல்லைக் கல் பூட்டும்படி அடுக்கி, இடைவெளிகளில் நான்கு அங்குலக் கற்களைச் செருகுங்கள். பின்னர் கல் அமரும் என்பதால், மேல் விளிம்பைவிட ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாக நிரப்பி, மூடியை அலவாங்கால் இழுத்து நெருக்கி, நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு முறை இரட்டைச் சுற்றுப் போட்டுத் தைத்துவிடுங்கள்.

சுவரின் பின்னால் துணி விரிக்க வேண்டுமா? உரப்பையைப் பயன்படுத்தலாமா?

ஏதாவது ஒரு வடிகட்டி வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு மண்ணும் கல்லிடுக்கால் வெளியேறி, ஓரிரு வருடத்தில் சுவருக்குப் பின்னே பள்ளம் விழும். கம்பளம் போன்ற நெய்யாத வடிகட்டித் துணி சிறந்தது. உரப்பை நெய்யப்பட்டது, சேற்றால் அடைபட்டு, தண்ணீரைத் தடுக்கும் திரையாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நீங்கள் கட்டியது மீண்டும் துளையில்லாத சீமெந்துச் சுவருக்கு ஒப்பாகும். துணி கிடைக்காவிட்டால், கூடையை அடுத்து ஆறு அங்குலம் சல்லியும் அதை அடுத்து ஆறு அங்குலம் பருமணலும் நிலைக்குத்தாக இட்டு, அதன் பின் மண் நிரப்பலாம். வேலை கூடுதல், ஆனால் மிகப் பழைய, நம்பத்தக்க முறை.

பின்புற மண்ணை ஆறு அங்குலப் படைகளாக இட்டு இடியுங்கள். கூரைப் பீலியின் தண்ணீர் சுவரின் தலையில் விழாதபடி திருப்பிவிடுங்கள். மலகூடக் குழியின் ஊறல் சுவரை நோக்கி வருமானால், முதலில் அதற்கு வழி பாருங்கள்.

எவ்வளவு கல் வாங்க வேண்டும்?

முப்பது அடி நீளம், மூன்று அடி உயரம், மூன்று அடி அகலம் கொண்ட சுவருக்கு 270 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி என்பதால் 2.7 கியூப் வருகிறது; குவியலில் உள்ள கல் கையால் அடுக்கும்போது இறுகிச் சுருங்கும், கழிவும் இருக்கும் என்பதால் மூன்று கியூப் சொல்லிவைப்பது சரி. கட்டி முடித்த சுவர் ஏறக்குறைய 13 தொன் இருக்கும். கல்லை இறக்குவதற்கு முன் டிப்பர்ப் பெட்டியின் நீள அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். விற்பவரின் கியூப்பும் வாங்குபவரின் கியூப்பும் ஒன்றாக இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கல்லிடுக்கில் பாம்பு குடியேறாதா?

குடியேறலாம். தவளையும் எலியும் தேடி நாகமும் புடையனும் வருவது இயல்பு. வராது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கற்களை நெருக்கமாக அடுக்குவதும், மேற்பரப்பிலும் முகப்பிலும் உள்ள பெரிய இடைவெளிகளை நான்கு அங்குலக் கற்களால் இறுக்குவதும் இடத்தைக் குறைக்கும். சுவரடியில் புல்லை வளரவிடாமல், விறகும் மட்டையும் சாய்த்து வைக்காமல், நெல்லும் கோழித்தீனும் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் எலி குறையும், எலியைத் தொடரும் பாம்பும் குறையும். சிறுவர்கள் இடுக்குகளில் கை விடக் கூடாது. இரவில் மின்சூள் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. குசினிக்கும் கிணற்றுக்கும் இடையிலான நடைவழியை ஒட்டி இத்தகைய சுவரைக் கட்டுவதை நான் விரும்புவதில்லை. அந்த இடத்துக்குக் கல்லுக்கட்டே மேல்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

ஆனி, ஆடியில் நிலம் காய்ந்திருக்கும். சோளகம் வீசும்போது வெயில் வேலையும் அவ்வளவு கடினமாகத் தெரியாது. புரட்டாதிக்குள் பின்புற மண்ணையும் இடித்து முடித்துவிட வேண்டும்.

அனுமதி வேண்டுமா?

சொந்த வளவுக்குள் சிறு சுவருக்கும் பிரதேச சபையில் ஒருமுறை கேட்டுக்கொள்வது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும். நீர்ப்பாசன வாய்க்காலின் ஒதுக்கிடமாக இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளத்தை ஒட்டியதாக இருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் கேட்காமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். உங்கள் கரையை இறுக்கினால் நீர் எதிர்க்கரையை அரிக்கும், அங்கே இருப்பவரும் நம் அயலவர்தான். கல் ஏற்றிவரும் வாகனத்திடம் புவிச்சரிதவியல் பணியகத்தின் உரிமப் பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுவருக்கு மேல் மரம் நடலாமா?

வேம்பு, ஆல், அரசு போன்றவற்றைத் தூரத்தில் வையுங்கள். ஆலங்கன்று கல்லிடுக்கில் தானாக முளைத்தால் விரலளவிலேயே பிடுங்கிவிடுங்கள். தலைப்பக்கத்தில் வெட்டிவேரும் எலுமிச்சம்புல்லும் நன்றாக வரும். வேலி வேண்டுமானால், கிளுவைக் கதியால்களைச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி நடலாம்.

சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. இடிக்க வேண்டுமா?

முதல் மாரியில் ஓரிரு அங்குலம் அமர்வதும் சற்று முன்தள்ளுவதும் இதன் இயல்பு. தள்ளிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒரு நூல் கட்டி, மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். அடுத்த தை வரை மாற்றம் இல்லையானால் விட்டுவிடலாம். வளர்ந்துகொண்டே போனால், மூடியைத் திறந்து கல்லை இறக்கினால் குறுக்குக் கம்பி அறுந்திருப்பதையோ கட்டப்படாமலே விடப்பட்டிருப்பதையோ காண்பீர்கள். அந்தக் கல்லையே மீண்டும் அடுக்கி, புதிய கம்பி கட்டி, மூடியைத் தைத்துவிடலாம். சுவர் முழுவதும் ஒரே வரிசையாக முன்னே சாய்ந்திருந்தால் அது கூடையின் குறையாக இராது. அடி மண்ணிலோ பின்புறத் தண்ணீரிலோ காரணம் இருக்கும். அப்போது மழை நாளொன்றில் குடை பிடித்துக்கொண்டு போய், சுவரின் எந்தப் பகுதியால் தண்ணீர் வடிகிறது, எந்தப் பகுதி காய்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். காய்ந்து கிடக்கும் பகுதியின் பின்னால்தான் முதலில் தோண்ட வேண்டும்.